இந்த மலைக்கு இன்னும் வயதாகவில்லை

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகரமன்றத் தலைவர் அவர்களே! வெயிலையும் வெல்லும் விருப்பத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே! மடியில் மழலையும் மனத்தில் நம்பிக்கையும் சுமந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆற்றங்கரையில் அஸ்திவாரம் தோண்டிய தொழிலாளத் தோழர்களே! கல்லோடு காலம் கழிக்கும் இந்த நிலவியல்காரியின் கனிந்த வணக்கம்!

என்ன ஐயா? கேட்கவில்லையா? இதோ, மைக்கைப் பிடித்துவிட்டேன். இனி விடமாட்டேன்!

மலையடிவாரத்தில் எழ வேண்டிய மருத்துவமனை இங்கே ஏன் எழுகிறது? அதைத்தான் சொல்ல வந்தேன்.

அங்கே கட்ட ஒப்பந்தம் எடுத்தவர் என் உடன்பிறந்த அண்ணன். அது எரிமலை என்பது ஊரறிந்தது. கடைசிக் குழம்பு உறைந்து ஆறு லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்றது ஓர் ஆய்வு. மலை செத்துவிட்டது என்று ஊர் நம்பியது. நான் நம்பவில்லை. மழை அரிக்காத, மண் மூடாத அந்தப் பாறையின் முகத்தில் முதுமை எங்கே?

சாப்பாட்டு மேசையில் அண்ணன் வெடித்தார்.

"கல்லுக்கு வயசு பாத்து என்ன பண்ணப் போற? கல்யாணமா பண்ணி வைக்கப் போற?"

"இல்லண்ணா. அதுக்குக் கீழ நோயாளிங்களைப் படுக்க வைக்கப் போறோம். எழுந்து ஓட முடியாதவங்களை."

சிரிக்கிறீர்கள்! அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பாறை எப்படி வயதைச் சொல்லும்? அதற்குள் இருக்கும் பொட்டாசியத்தில் ஒரு பகுதி, மெல்ல மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும். கொதிக்கும் குழம்பில் வாயு தங்காது, பறந்துவிடும். குழம்பு உறைந்தால் கதவு சாத்திக்கொள்ளும். அதன்பின் சேரும் வாயுதான் வயது! பாறையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தேன். கருங்குழம்புக்குள் உருகாத வெளிர்நிறப் படிகங்கள்! அடியாழத்துப் பழம்பாறையிலிருந்து பழைய வாயுவோடு ஒட்டிக்கொண்டு வந்த விருந்தாளிகள்! விருந்தாளியின் வயதையா அந்தப் பழைய ஆய்வில் வீட்டுக்காரரின் வயதென்று எழுதினார்கள்?

சந்தேகம் போதுமா? போதாது! சான்று வேண்டும்!

"நானே தோண்டித் தரேன். ஒண்ணும் கிடைக்கலன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்" என்று அண்ணன் தன் இயந்திரத்தோடு வந்தார். குழம்பு ஓடி நின்ற விளிம்பில், பாறைக்கு அடியில், கருகிய அடிமரம் ஒன்று வேரோடு நின்றது. அண்ணன் குனிந்து தொட்டார். விரல் கறுத்தது.

"அடுப்புக்கரி மாதிரியே இருக்கேம்மா..."

உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிர்க்கார்பனை ஏற்கும். செத்தபின் அது சீராகக் குறையும். மிச்சத்தை அளந்தால் மரம் மடிந்த காலம் தெரியும். இரண்டு ஆய்வகங்கள் அளந்தன. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு! மரத்தை எரித்த பாறை, மரத்தைவிட மூத்ததாக இருக்க முடியுமா?

மறுநாளே அண்ணன் நகரமன்றம் போனார். "அங்க நான் கட்ட மாட்டேன். வேற யாரையும் கட்ட விடவும் மாட்டேன்" என்றார். ஒப்பந்தம் கைவிட்டுப் போனது. இன்று இங்கே கட்டுபவர் வேறொருவர். என் அண்ணன் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். எழுந்து நில்லுங்கள் அண்ணா! எழமாட்டார், பிடிவாதக்காரர். தட்டுங்கள் கைகளை, அவர் காது குளிர!

எண்ணூறு ஆண்டு என்பது எரிமலைக்கு ஒரு குட்டித் தூக்கம். நாளை விழிக்கலாம், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் விழிக்கலாம். அஞ்சி ஊரை விட்டு ஓடுவோமா? மாட்டோம்! அசட்டையாக உறங்குவோமா? அதுவும் மாட்டோம்! உச்சியில் அதிர்வு அளக்கும் கருவிகளை நடுவோம்! ஒவ்வொரு தெருவுக்கும் வெளியேறும் வழி வகுப்போம்! அது உறங்கட்டும், நாம் விழித்திருப்போம்!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், உரக்கத் தட்டிய உங்கள் கரங்களுக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்!