டோரீன் கணினியைக் கெடுக்கவில்லை

இது கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீங்க. நாளை விஞ்ஞான தின மேடையில் பாலச்சந்திரன் சேர் எழுதித் தந்த பேச்சைத்தான் நான் பேச வேண்டும். அதற்குப் பதிலாகப் பேசப்போவதை விடுதி அறையில் ஒளித்து எழுதுகிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பள்ளி அதிபர் அவர்களே! எங்களுக்குப் பைத்தன் என்ற கணினி மொழி கற்றுத் தந்த பாலச்சந்திரன் சேர் அவர்களே! றொசல்ல, திம்புள்ளத் தோட்டங்களிலிருந்து இன்றைக்குப் பெரட்டையும் நாட்கூலியையும் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

பள்ளிக்கு ஒரே கணினி. அதில் இரண்டு ஆய்வுகள். எங்கள் குழு மழையைக் கணக்கிட்டது. என் தோழி டோரீனின் குழு தேயிலைக் கொழுந்தின் எடையைக் கணக்கிட்டது. திங்கள் காலை எங்கள் மழைக் கணக்கைத் திறந்தோம். திகைத்தோம்! திரை முழுக்கப் பிழை! ஒரு மாத உழைப்பு எங்கே போனது? உடைத்தது யார்?

"ஆர் இதில கை வச்சது? உண்மையைச் சொல்லுங்கோ!" என்றார் சேர்.

டோரீன் எழுந்தாள். "நான்தாங்க சேர். அண்ணே கொழும்புலேருந்து சீடியில புது மென்பொருள் பொதி அனுப்புனாங்க. எல்லாருக்கும் ஆகட்டும்னு மொத்த மிஷினுக்கும் போட்டுட்டேன்."

"எங்க மழையையே நிப்பாட்டிட்டியே, மகராசி! பொறாமைதானே?" என்றான் எங்கள் குழு மேர்வின். வகுப்பே சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. கணினி அறைக்குள் அவள் இனி வரவே கூடாது என்றார்.

பொறாமையா? தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் எங்களை வளர்த்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள்! ஒரு வீட்டுக் காம்பராவில் டீவி வந்தால் லயமே கூடிப் பார்க்கவில்லையா? நல்லது வந்தால் நாலு பேருக்குக் கொடு என்று சொன்னது நீங்கள் இல்லையா? அதைத்தான் அவள் செய்தாள். ஐயோ, கணினிக்கு நம் பழக்கம் தெரியவில்லை! எங்கள் கணக்கு பழைய பொதியை நம்பி எழுதியது. புதியது வந்ததும் பழையது போனது, கணக்கும் நின்றது.

(இங்கே அவன் சிரிப்பான்.) பின்வரிசையில் சிரிப்பது மேர்வினா? சிரிங்க, இதையும் கேளுங்க!

லயத்துக்குக் கூரை ஒன்று. காம்பரா வேறு, அடுப்பு வேறு. கணினிக்குள்ளும் அப்படிப் பிரிக்கலாம். விர்ச்சுவல்என்வ் என்ற கருவி அதே சீடியில்தான் கிடந்தது. அது ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒரு தனிச் சூழல் அமைக்கும். அந்தச் சூழலுக்குள் நுழைந்த பிறகுதான் பொதியைப் போட வேண்டும். மழைக்குப் பழையது, கொழுந்துக்குப் புதியது. பக்கத்து அடுப்பில் காரம் கூடினால் நம் கறி கெடுமா?

நேற்று மாலை செய்து பார்த்தேன். டோரீன் தடையை மீறவில்லை சேர். ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னாள், உள்ளே நான் தட்டினேன். "மொதல்ல உள்ள நொழையடி, அப்புறம் பொதியப் போடு!" என்று அதட்டினாள். மழை ஓடியது! கொழுந்தும் ஓடியது! நான் நாற்காலியை விட்டே துள்ளினேன்.

சேர், உங்களை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. பிரிக்க வேண்டியது பொதிகளை, பிள்ளைகளை அல்ல! கொடுக்க நினைத்த கையையா தண்டிப்பது? டோரீனுக்கு அந்த நாற்காலியைத் திரும்பக் கொடுங்கள். பயந்து பயந்து பேசிய என்னைப் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் வண

கதவு தட்டுது. டோரீன் குரல்.

"யூஜினா, தொறடி. பெட்டி கட்டிட்டேன். விடிஞ்சதும் மொத பஸ்ஸுல வீட்டுக்கே போ