தடியில் இறங்கிய புறா

உக்காருங்க முகத்தஸ், பொண்ணு இன்னும் தயாராகலை. உள்ள குலவை போடுறாங்களே, கேக்கலையா? சிங்காரிச்சுக்கிட்டு இருக்காங்க. பொம்பளைங்க சமாச்சாரம், நாம எட்டிப் பாக்க முடியுமா? எங்க அண்ணனா? குரு தாத்ரோஸ் அபூனாவைக் கையோட கூட்டிட்டு வர்றேன்னு கோயிலுக்குப் போயிருக்காரு. பெரியப்பன் வராம பொண்ணை வாசப்படி தாண்ட விட முடியாதுல்ல. அவ அப்பன் செத்ததுலருந்து அவளுக்கு நாங்க ரெண்டு பேர்தான். நீங்க ஒருத்தரைத்தான் கணக்குல வச்சிருக்கீங்க, அது தெரியும். போகட்டும், இந்தச் சித்தப்பன் கையால ஒரு வாய் சாப்பிடுங்க.

நாளைக்குப் பெரிய நோன்பு. இனி ஈஸ்டர் வரைக்கும் மொச்சையும் எண்ணெயும்தான். இது புறா. பச்சைக் கோதுமையை வறுத்து வயித்துல அடைச்சு நானே செஞ்சேன். ஜெயில்ல என்னை சமையல்கட்டுலதான் போட்டாங்க. சர்க்கரை ஆலை ஸ்டிரைக்கு நடத்துனவனை வெங்காயம் உரிக்க வச்சா திருந்திடுவான்னு நெனச்சாங்க. சமையல் கத்துக்கிட்டேன். திருந்தலை.

அட, இருங்க. மாலை மணி அடிக்கறதுக்குள்ள கல்யாணக் கிரீடம் ஏறணும், எனக்குத் தெரியாதா? மணி அடிச்சா நோன்பு பொறந்துடும், அதுக்கப்புறம் அபூனா யார் தலையிலயும் கிரீடம் வைக்க மாட்டாரு. வெயில் இன்னும் புறாக் கோபுரத்து உச்சியிலதான் நிக்குது, பாருங்க. நேரம் கெடக்கு.

அதுவரைக்கும் எனக்கொரு சந்தேகம் பனூஸ் முகத்தஸ். நீங்க ஜெருசலேம் போய், மணிக்கட்டுல சிலுவை குத்தி, முகத்தஸ்ங்கற பட்டத்தோட வந்தவரு. நான் நோட்டீஸ் படிச்சு அறிவு வளர்த்தவன். அன்னிக்கு இதே வீட்டு முத்தத்துல நீங்க பொண்ணு கேட்டு வந்தீங்க. அண்ணன் தயங்குனாரு. தயங்காம? இரீனிக்குப் பத்தொம்பது. உங்க கடைசிப் பையனே அவளுக்கு மூத்தவன். நீங்க பக்கத்துல இருந்த கோயில் பாட்டுக்கார மலாக்கைப் பாத்தீங்க. அவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு என்ன சொன்னாரு? சுவிசேஷத்துல கர்த்தரோட சகோதரர்கள்னு வருதே, அவங்க எங்கருந்து வந்தாங்கன்னு வேதத்துல இல்லை. வேதத்துல சேராத ஒரு பழைய ஏட்டுல இருக்கு. யோசேப்பு வயசானவரு, பெண்சாதி செத்தவரு, மூத்த தாரத்துப் பிள்ளைங்கதான் அவங்க. ஆக, கிழவருக்குக் கன்னிப்பொண்ணுங்கறது ஆண்டவரே காட்டுன வழி. முடிஞ்சுது. எங்க அண்ணன் உங்க செங்கல் சூளையில மேஸ்திரி. சூளை முதலாளியே யோசேப்புன்னா அவரு வாயைத் திறப்பாரா?

இல்லையில்லை, நான் ஏட்டைக் குறை சொல்லலை. வேதத்துல இருட்டா இருக்கிற மூலைக்கு வெளியிலருந்து ஒரு விளக்கு கொண்டு வர்றாங்க, வரட்டுமே. மாதா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எகிப்துக்குள்ள வந்தப்போ சிலைங்கல்லாம் குப்புற விழுந்துச்சுன்னு பாடுறோம். அது மத்தேயுல எங்க இருக்கு? நானும் பாடுறேன். நல்ல பாட்டு. ஆனா விளக்கைக் கொண்டு வந்தா வீடு பூரா காட்டணும். தன் மூஞ்சிக்கு நேரா மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி?

ஆலையில ஒரு வக்கீலு இருந்தாரு. ஒப்பந்தத்தை எங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு, தேனா ஒழுகும். கட்டைவிரல் மட்டும் அடுத்த வரி மேலயே இருக்கும். நான் அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்குனேன். மொதத் தடவை உள்ள போனது அதுக்குத்தான். அன்னையிலருந்து யார் எதைப் படிச்சாலும் நான் எழுத்தைப் பாக்கறதில்ல, கட்டைவிரலைத்தான் பாக்கறது.

மலாக்கோட கட்டைவிரலுக்கு அடியில என்ன இருந்துச்சு தெரியுமா? மலை மேல மடத்துக்குப் போய்க் கேட்டு வாங்கிப் படிச்சேன். ஆமா, நானேதான். ஒரு மடத்துச் சாமி சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்தாரு. யோசேப்பு வேண்டாங்கறாரு முகத்தஸ்! எனக்குப் பிள்ளைங்க இருக்கு, நான் கிழவன், இது சின்னப்பொண்ணு, ஊர் என்னைப் பாத்துச் சிரிக்கும்ங்கறாரு. குருக்கள்தான் மிரட்டி அனுப்புறாங்க. இங்க என்னடான்னா குருக்களை நீங்க மிரட்டியிருக்கீங்க, கோயில் சுவருக்கு செங்கல் வராதுன்னு. சரி சரி, மிரட்டலை. ஞாபகப்படுத்துனீங்க.

இன்னும் கேளுங்க. அவளை வீட்டுல கொண்டுபோய் விட்ட கையோட யோசேப்பு கிளம்பிடறாரு. எங்க? கட்டட வேலைக்கு. மாசக்கணக்கா ஆளையே காணோம். நீங்களும் கட்டடக்காரர்தானே? யோசேப்பா இருக்கணும்னா முழு யோசேப்பா இருங்க. அஸ்வான் பக்கம் ஒரு வேலையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடுங்க. திரும்பி வந்தாலும் விரல் படாம, கழுதையில அவளை ஏத்திட்டு, நீங்க கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடங்க. என்ன, மூஞ்சி அப்படிப் போகுது? உப்பு கூடிப்போச்சா?

புறாவா? அங்கதான் வர்றேன். அதே ஏட்டுல, கன்னியை யாருக்குக் குடுக்கறதுன்னு பாக்க, பெண்டாட்டி செத்தவங்க தடியையெல்லாம் வாங்கி வைக்கறாங்க, யோசேப்பு தடியிலருந்து ஒரு புறா கிளம்புது. மலாக் இதைச் சொல்லி வாயை மூடலை, நீங்க உங்க வெள்ளிப்பூண் தடியை முத்தத்து மண்ணுல ஊணுனீங்க. எங்க கோபுரத்துலருந்து ஒரு சாம்பல் புறா நேரா இறங்கி அது மேல உக்காந்துச்சு. கூட்டமே சிலுவை போட்டுக்கிச்சு. அண்ணன் தேம்பித் தேம்பி அழுதாரு. நீங்களும் கண்ணைத் தொடைச்சீங்க. அது நெஜ அழுகை, நான் மறுக்க மாட்டேன்.

முகத்தஸ், அது நொண்டிப் புறா. குஞ்சுலயே ஒரு கால் போயிடுச்சு. நான் ரொட்டியை மென்னு ஊட்டி வளர்த்தேன். தரையில நின்னா தடுமாறும், கம்பைப் பிடிச்சாத்தான் அதுக்கு நிம்மதி. நட்டமா எது நின்னாலும் வந்து உக்காந்துக்கும். மண்வெட்டி, தொடப்பக்கட்டை, ஒண்ணையும் விடாது. என்னைப் பிடிக்க வந்த இன்ஸ்பெக்டரு லத்தி மேல கூட உக்காந்துச்சு. பாவம் அந்த மனுஷன், அதுக்காக யாரையும் கட்டிக்கறேன்னு கேக்கலை.

அன்னிக்கே ஏன் சொல்லலையா? சொன்னேனே! சிவப்புக்கொடிக்காரன் வாயில சாமி காரியமான்னு நீங்கதான் கையை வீசுனீங்க. அவளும் சொன்னா, எனக்கு வேண்டாம் பெரியப்பா, நான் படிக்கப் போறேன்னு. மாதாவும் மொதல்ல கலங்கத்தான் செஞ்சாங்கன்னு அதுக்கும் மலாக் ஒரு வரி வச்சிருந்தாரு. சரின்னாலும் வேதம், வேண்டாம்னாலும் வேதம். நல்ல வசதி.

ருசி எப்படி? எலும்பை ஓரமா வைங்க. ஒரு கால் இல்லையே, கவனிச்சீங்களா?

ஆமா. அதேதான். காலையில நானேதான் அறுத்தேன். என் தோள்லயே கெடந்த சீவன். ஒரு தடவை சாட்சி சொன்னது போதும், இன்னொரு வீட்டு முத்தத்துல இன்னொரு கிழவனுக்குச் சொல்ல வேண்டாம்னுதான்.

பதறாதீங்க, தண்ணி குடிங்க. ஷ்... கேட்டுச்சா? மாலை மணி. சுத்தமா அடிக்கறான் இன்னிக்கு. தட்டை எடுத்துடறேன், இனிமே கறியைத் தொட்டா பாவம்.

அண்ணனும் அபூனாவுமா? அவங்க இங்க வர மாட்டாங்க. மாப்பிள்ளை பொண்ணைக் கூட்டிக்கிட்டு நேரா கோயிலுக்கே வந்துடுவாருன்னு நான்தான் சொல்லி அனுப்புனேன். அங்க உக்காந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருப்பாங்க, நீங்க இங்க உக்காந்து பாத்த மாதிரி.

உள்ளயா? தாராளமாப் போய்ப் பாருங்க. எங்க அண்ணி நர்கீஸும் அவங்க தங்கச்சிங்களும் வெத்து நாக்காலியைச் சுத்தி நின்னு குலவை போடறாங்க. தொண்டை கட்டிப் போயிருக்கும், பாவம். இரீனி மத்தியான ரயில்லயே அசியூத்துக்குப் போயிட்டா. நர்ஸ் படிப்பு, நாளைக்குச் சேரணும். கன்னியாஸ்திரிங்க விடுதி. கேட்டுல யோசேப்பே வந்து நின்னாலும் கேள்வி கேட்டுத்தான் விடுவாங்க.

அண்ணனைச் சூளையிலருந்து நிறுத்திடுவீங்களா? நிறுத்துங்க. உங்க சூளை வாசல்ல நான் வந்து உக்காருவேன், அந்த ஏட்டோட. வர்றவன் போறவனுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவேன், முதல் வரியிலருந்து கடைசி வரி வரைக்கும், கட்டைவிரலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. எனக்கு வாசல்ல உக்காந்து பழக்கம்.

கிளம்பிட்டீங்களா? தடியை விட்டுட்டுப் போறீங்களே, முகத்தஸ். எடுத்துக்கோங்க. பயப்படாம ஊணிக்கிட்டு நடங்க. இனிமே அது மேல எதுவும் வந்து உக்காராது.