மேல்பாறை அடுப்பு

மலையில் சமைப்பதில் ஒரு சௌகரியம் உண்டு சார். நடந்து வருகிறவர்கள் உப்பு குறைந்தாலும் கேட்கமாட்டார்கள். இரண்டு மணி நேரம் பாறையிலும் தண்ணீரிலும் ஏறி இறங்கி வருகிறவருக்கு எலுமிச்சை சாதமே விருந்துதான். பதினோரு வருடமாக ஊசிக்கோனை கேம்ப்பில் சமைக்கிறேன். இந்திராணி சமைத்தது நன்றாக இல்லை என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

நீங்கள் தகரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். அந்த இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் தகரம் உங்களுக்குப் புரியும்.

கோனை என்றால் இரண்டு மலைக்கு நடுவே ஆறு அறுத்துக்கொண்டு போன பள்ளம். ஆற்றங்கரையில் எட்டுக் கூடாரங்கள் போட்டிருக்கிறார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் திருமலையில் தரிசனம் முடித்துவிட்டு, நகரி வழியாக வந்து ஒருநாள் தங்குவார்கள். மறுநாள் காலையில் கைடு அவர்களை ஆற்றோடு மேலே கூட்டிப்போவான். முதல் ஒன்றரை மணி நேரம் ஆறு அகலமாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு வளைவு வரும். வளைவைத் தாண்டினால் இடுக்கு. கையை விரித்தால் இரண்டு பக்கமும் பாறை தட்டும். ஆள் ஏற வழியில்லை. அரை மணி நேரம் அதற்குள்ளேயே நடந்து வெளியே வந்தால் மேல்பாறை. அங்கேதான் என் அடுப்பு. நான் பக்கத்து மலையின் ஆட்டுப்பாதையில் சாமான்களைச் சுமந்துகொண்டு முன்னாலேயே போய்விடுவேன்.

மழை எப்போதும் மேல்பாறைப் பக்கம்தான் முதலில் பெய்யும். கீழே சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே பெய்த தண்ணீர் இடுக்குக்குள் வந்து சேர இருபது நிமிடம் போதும். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைவில் நின்று அண்ணாந்து பார்த்தால் என் அடுப்புப் புகை தெரியும். நன்றாகத் தெரியட்டும் என்று நான் பச்சை நொச்சித் தழையை அடுப்பில் போட்டுக்கொண்டே இருப்பேன். புகை இருந்தால் உள்ளே போகலாம். புகை இல்லையென்றால் மழை வந்து அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பக்கவாட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும். மழை வந்தால் நனையாமல் அடுப்பை மூடக்கூடாது. அணைந்ததைத் திரும்பப் பற்றவைக்கக்கூடாது. எங்களுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

என் புருஷன் தனசேகரும் அங்கே கைடாக இருந்தார். பெரிய கைடு சுரேஷ்பாபு, கேம்ப்பே அவன் பொறுப்பில்தான். போன வருடத்துக்கு முந்தின புரட்டாசியில் சுரேஷ்பாபு ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். என் புருஷன் பைகளைத் தூக்கிக்கொண்டு கடைசியில் நடந்தார். சுரேஷ்பாபுவின் தம்பி பிரவீன் நடுவில். பதினொன்றரைக்கு மேல்பாறையில் மழை பிடித்தது. அடுப்பு அணைந்தது. நான் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு மேலே போய் ஒதுங்கி நின்றேன். இவர்கள் திரும்பியிருப்பார்கள் என்றே நினைத்தேன்.

அவர்கள் திரும்பவில்லை. வெள்ளம் வந்தபோது இடுக்கின் கடைசியில் இருந்தார்கள். சுரேஷ்பாபு வந்தவர்களை ஒரு திட்டில் ஏற்றிவிட்டான். அதை நான் மறுக்கவில்லை. என் புருஷன் பின்னால் இருந்ததால் ஏற முடியவில்லை. மூன்றாம் நாள் ஏரிக் கால்வாயில் கிடைத்தார்.

எங்கள் ஊர் சச்சிவாலயத்தில், அதுதான் கிராம ஆபீஸில், விசாரணை நடந்தது. சுரேஷ்பாபு எல்லோருக்கும் முன்னால் சொன்னான். "பொகை நல்லா வந்துக்கினு இருந்திச்சி சார். அதைப் பார்த்துதானே உள்ள போனோம். இல்லன்னா போவோமா?" நான் அடுப்பு அணைந்தது என்று சொன்னேன். யார் பார்த்தது என்று கேட்டார்கள். மேல்பாறையில் நான் ஒருத்திதான் இருந்தேன். சோறு ஆறிவிடக்கூடாது என்று நான் அடுப்பைத் திரும்பப் பற்றவைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். அதைத் தெலுங்கில் படித்துக் காட்டி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

அன்றிலிருந்து புருஷனைக் கொன்றவள் என்று பெயர். என் மாமியார் செங்கம்மா குழாயடியில் நின்று சொல்வார்: "புருஷனுக்கு சுடுசோறு போடணும்னு அவனையே ஆத்துக்குப் போட்டுட்டா மகராசி." அந்த வீட்டில் எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. கேம்ப்புக்குப் பின்னால் சாமான் வைக்கும் ஷெட்டில் படுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான் சார். அன்றைக்குப் புகை இல்லை என்று சுரேஷ்பாபு தன் வாயால் நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். நேரிலேயே கேட்டேன். "போனவன் போயிட்டான். இப்ப இன்னாத்துக்கு அதைக் கிளறிக்கினு? உன்னை இங்க வேலைக்கு வெச்சிக்கினு கீறேன்னா அதே பெரிசு" என்றான்.

ஒரு மாதம் கழித்து பிரவீன் ஒரு அரிசி மூட்டையோடு ஷெட்டுக்கு வந்தான். அவனுக்கு இருபத்தாறு வயது. ரொம்ப நேரம் மூட்டையை எங்கே வைப்பது என்று பார்ப்பவன் போல நின்றுகொண்டிருந்தான்.

"அண்ணி, அன்னிக்கி பொகை இல்ல. தனசேகரண்ணன் சொல்லிச்சி, 'பொகையைக் காணோம், திரும்பலாம் சுரேசு'ன்னு. எங்கண்ணன்தான், 'அவ சமையலை முடிச்சிட்டு காலாட்டிக்கினு குந்தினு இருப்பா, வாய்யா'ன்னு இட்டுக்கினு போயிட்டான்."

"இதை சச்சிவாலயத்துல வந்து சொல்றியா?"

"அவன் என் கூடப்பொறந்தவன் அண்ணி. எப்பிடி சொல்றது?"

"சரி, துன்னுட்டுப் போ" என்றேன். மோர்க்குழம்பு இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அண்ணனுக்குப் பயந்தவன், அவ்வளவுதான். அவன் போன பிறகு அரிசியைச் சலித்து டப்பாவில் கொட்டி வைத்தேன்.

இப்படியே இருந்திருப்பேன். இந்த வருடம் ஆடி மாதம் சென்னையிலிருந்து ஒரு காலேஜ் கூட்டம் வந்தது. சாப்பிடும்போது ஒரு பெண் இந்தப் புகை வழக்கத்தைப் பற்றிக் கேட்டாள். சுரேஷ்பாபு என்னைக் காட்டினான். "இதோ இவங்கதான் எங்க கோனைக்கு சிக்னல் லைட்டு. ஒருதபா கோளாறாயிடிச்சி. இப்ப ரிப்பேர் பண்ணி வெச்சிக்கிறோம்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் அவளுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. மழையில் புகை வந்தது என்று இவன்தானே சொல்கிறான். இவனுக்கு ஒருமுறை அதைக் காட்டினால் என்ன?

பழைய கக்கூஸைப் பிரித்துப் போட்ட தகரம் ஷெட்டில் கிடந்தது. அதை இரண்டாக மடித்து, இலைக்கட்டோடு வைத்துக் கட்டி மேலே கொண்டுபோனேன். அடுப்புக்குப் பின்னால் இரண்டு கல் நட்டு, அதன் மேல் அடுப்புக்குக் கூரை மாதிரி சாய்த்துப் பார்த்தேன். கீழேயிருந்து பார்த்தால் தகரம் தெரியாது, புகை மட்டும்தான் தெரியும். நானே வளைவுக்கு இறங்கிப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது.

சுரேஷ்பாபு கூட்டிப்போகும் நாளாகப் பார்த்து மூன்று முறை தகரத்தை வைத்தேன். மூன்று முறையும் மழை வரவில்லை. நாலாவது முறை, போன சனிக்கிழமை, விடியும்போதே மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. வந்தவர்கள் மூன்று பேர், பெங்களூர்க்காரர்கள். அக்கா, தங்கை, அக்காவின் புருஷன். தங்கை பெயர் மோனிகா. வேர்க்கடலை சாப்பிட்டால் தனக்கு மூச்சு முட்டும் என்று என்னிடம் தனியாக வந்து சொன்னாள். "பயப்படாதம்மா, உனக்குத் தனியா செய்றேன்" என்றேன்.

கிளம்பும் நேரத்தில் பார்த்தால் சுரேஷ்பாபு நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். முந்தின நாள் பாசியில் வழுக்கியிருக்கிறான். "இன்னிக்கி பிரவீன் இட்டுக்கினு போவான்" என்றான்.

நான் சாமான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்டுப்பாதையில் ஏறினேன். ஏறும்போது யோசித்தேன். இன்றைக்குத் தகரம் வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி வழியில் வேறு மாதிரி தோன்றியது. சுரேஷ்பாபு செத்துப்போனால் அவன் வாயால் எதையும் சொல்ல முடியாது. உயிரோடு இருந்தால்தான் சொல்ல முடியும். அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான், எனக்கு ஒரு புருஷன் இருந்தார். நிதானமாக யோசித்தால் இதுதான் சரியாகப்பட்டது. மழை வருமா வராதா என்பது என் கையில் இல்லை. வராவிட்டால் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் மோனிகாவுக்குக் கடலை போடாமல் தாளித்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்தேன். பிறகு மற்றவர்களுக்கு. பதினொன்றே முக்காலுக்குத் தூறல் போட்டது. தகரத்தைச் சாய்த்துவிட்டு நொச்சித் தழையை அள்ளிப் போட்டேன். மழை பெரிதாகப் பிடித்தது. தகரத்தின் மேல் கொட்டிய சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. புகை மட்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து போய்க்கொண்டிருந்தது. வளைவு அந்த மழையில் எனக்குத் தெரியவில்லை. நான் யாரையும் தள்ளவில்லை சார். என் அடுப்பு நனையாமல் பார்த்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஓடிய தண்ணீர் முதலில் கலங்கியது, பிறகு செம்மண் நிறமானது, பிறகு கட்டைகள் வந்தன. நான் பாத்திரங்களை மேட்டில் ஏற்றினேன். இரண்டு மணி வரை காத்திருந்தேன். யாரும் வரவில்லை. தகரத்தைப் பாறைக்குப் பின்னால் எறிந்துவிட்டு, சாதத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அத்தனை சாதத்தையும் கொட்ட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நாலு பேரும் கிடைத்துவிட்டார்கள். பிரவீனை எங்கள் ஊர் மரத்தடியில்தான் கிடத்தினார்கள். ஊரே கூடியிருந்தது. சுரேஷ்பாபு நொண்டிக்கொண்டே வந்து எல்லோரையும் பிடித்து உலுக்கினான். "நான் டென்ட்டுகிட்ட நின்னு பார்த்தேன்யா. தூரத்துல மலைக்கு மேல பொகை இருந்திச்சி. அதான் அவன் உள்ள போனான்." யாரோ ஒருவர், "நீ அன்னிக்கும் இதேதானே சொன்ன?" என்று கேட்டுவிட்டார்.

அப்போதுதான் அவன் என் எதிரில் வந்து மண்ணில் உட்கார்ந்தான். "அன்னிக்கி பொகை இல்ல. நான்தான் பொய் சொன்னேன். தனசேகர் வேணாம்னான், நான்தான் இட்டுக்கினு போனேன். ஆனா இன்னிக்கி இருந்திச்சி, இந்திராணி. எங்கம்மா மேல ஆணையா இருந்திச்சி. நீயாவது சொல்லு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் மாமியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த மழையில அடுப்பு எப்பிடிப்பா எரியும்?" என்றேன்.

என் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கை என்னைத் தொட்டது. வீட்டுக்கு வா என்றார். போனேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இன்று காலையில் நீங்கள் வந்து மோனிகாவின் போனைக் காட்டினீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்ததால் தண்ணீர் போகவில்லை என்றீர்கள். வளைவில் நின்று அவள் எடுத்த வீடியோ. அதில் மேலே கருப்பாக மழை இறங்குவது தெரிகிறது. அதற்கு நடுவில் புகையும் தெரிகிறது. அதனால் தகரத்தைப் பற்றி உங்களிடம் மறைக்கவில்லை.

அந்த வீடியோவில் பிரவீன், "கொஞ்சம் இருங்க, மேல இருட்டிக்கினு கீது" என்று சொல்லிவிட்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறான். பின்னால் அந்தப் பெண்கள் சிரிக்கிறார்கள், "யாருக்கு டாட்டா காட்டறீங்க?" என்று. யாரைப் பார்த்து நிற்கிறான் என்று நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். எனக்குத் தெரியாது என்றேன். வளைவு தெரியவில்லை என்று சற்று முன் சொன்னதும் சரியில்லை. தெரிந்தது.

என்னிடம் வந்து உண்மையைச் சொன்ன நாளிலிருந்து பிரவீன் புகையை மட்டும் பார்த்து இடுக்குக்குள் போவதில்லை. வளைவில் நின்று கையைத் தூக்குவான். நான் மேலேயிருந்து கையை அசைத்த பிறகுதான் அடுத்த அடி வைப்பான். அவன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது. "இனிமே உங்க பேச்சைத்தான் கேப்பேன் அண்ணி" என்று அவனாகத்தான் இதை ஆரம்பித்தான்.

சனிக்கிழமை மழையில் நான் நிற்பது அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. தூக்கிய கையை இறக்காமல் நின்றான். நான் அப்படியே இருந்திருந்தால் திரும்பியிருப்பான். நான் எழுந்து பாறை விளிம்புக்குப் போய், அவனுக்கு நன்றாகத் தெரியும்படி, முந்தானையைப் பிடித்து மூன்று முறை வீசினேன். அவன் தலையை ஆட்டிவிட்டு அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

பிரவீன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.