மாப்பிள்ளை ஓட்டிய கார் ரோட்டில் அலைந்த விவரம்

பெயர் ஏகாம்பரம், வயது சுமார் எழுபத்து நான்கு, தகப்பனார் பெயர் முனுரத்தினம், பம்மல், பழைய தோல் ஷெட்டுக்குப் பின்தெரு. சாட்சி எழுதப் படிக்கத் தெரியாதவராகையால் அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் குடியிருந்து வருகிறேன். தோல் ஷெட்டில் வேலை பார்த்தேன். ஷெட் மூடிய பிறகு சும்மா இருக்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் கண்ணால் பார்த்தது எனக்கு மறக்காது. என் அடுத்த வீட்டுக்காரர் ஜலால் என்பவர் சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் யாசீன் பாய் மகள் குல்ஷனுக்கும் நிக்காஹ். அன்று காலை ஜலால் குடித்துவிட்டுக் கார் ஓட்டி போலீஸ் தடுப்பை இடித்தார் என்று யாசீன் பாயே போனில் புகார் கொடுத்துவிட்டார். அது சம்பந்தமாக இன்று என்னை விசாரிக்கிறீர்கள். லைசென்ஸ் போனால் அந்தப் பிள்ளைக்குப் பிழைப்பு போய்விடும். ஆகவே ஒன்றையும் விடாமல் சொல்கிறேன்.

அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹ் அன்று டேக்சா என்கிற பெரிய பாத்திரத்தில் முதல் பிரியாணி மாப்பிள்ளை வீட்டு அடுப்பில் வேக வேண்டும். மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, சாயாமல் பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மாவைப் பெண்ணைப் பெற்றவர்தான் உடைக்க வேண்டும். இன்னொரு வழக்கம், மாப்பிள்ளை காரின் முன் சீட் பெண்ணுக்கு. அவள் வந்து உட்காரும் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. ஜலாலின் பெரியம்மா, தபஸ்ஸும் என்று பெயர், அந்த அம்மா விடிந்ததுமே அந்தச் சீட்டில் பச்சைத் துணி விரித்து, மல்லிகைச் சரம் ஒன்றை வைத்துவிட்டு, காவல்காரர் போலக் கதவுப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வேறு டிரைவர் வைக்கலாம் என்று தெருவே சொல்லியும், டேக்சா சாயாமல் ஓட்டத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று ஜலால் கேட்கவில்லை.

டேக்சாவை நான்கு பேர் பிடித்து டிக்கியில் ஏற்றினோம். அதன் பிறகு தால்சாக் குழம்புக் குண்டானை அதன் பக்கத்தில் செருகினோம். அதன் பிறகு ஐஸ் கட்டி போட்ட தொட்டியில் ஃபிர்னிப் பாயசச் சட்டிகளை வைத்தோம். டிக்கிக் கதவு மூடாததால் கயிறு போட்டுக் கட்டினோம். அதன் பிறகு பின் சீட்டில் தபஸ்ஸும் அம்மாவும் அவருடைய நாத்தனார்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். கயிறு அவிழாமல் பிடித்துக்கொள்ள நானும் அவர்களோடு ஒடுங்கி உட்கார்ந்தேன். தபஸ்ஸும் அம்மாவின் உடம்பைப் பற்றி இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன் சீட்டில் மல்லிகைச் சரம் மட்டும் இருந்தது.

தெருவை விட்டு வெளியே வரும் வரை ஒன்றும் தெரியவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி வேகம் பிடித்ததும் கார் நேராகப் போகாமல் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று அலைந்தது. ஜலால் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இன்னா நைனா இது, ஸ்டீரிங்கு காத்துல சுத்துற மாரி கீது. திருப்புனா யோசிச்சிக்கினு போவுது" என்றார். தபஸ்ஸும் அம்மா, கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குக் கை நடுங்குவது சகஜம், தன் கல்யாணத்தில் வீட்டுக்காரருக்குச் செருப்பே மாறிவிட்டது என்று சொன்னார். நாத்தனார்கள் சிரித்ததில் காரும் சேர்ந்து ஆடியது.

அதன் பிறகு குரோம்பேட்டையில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தோம். சரியாக இருந்தது. கடைக்காரர் குனிந்து முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. அலைன்மென்ட் பார்த்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்று ஜலால் சொன்னார். கடைக்காரர் மாப்பிள்ளையின் தலைப்பாகையைப் பார்த்துவிட்டு, "டயரு நல்லா கீது, தலைவரு தான் டென்ஷன்ல கீறாரு" என்றார். நாங்கள் யாரும் இறங்காமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இறங்கியிருந்தால் அங்கேயே விஷயம் புரிந்திருக்கும்.

அதன் பிறகு தாம்பரம் தாண்டி வேளச்சேரி ரோட்டில் சேலையூர் வந்தோம். அங்கே மாலை வாங்க வந்திருந்த யாசீன் பாய் எங்கள் காரைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் சிரித்தார். கார் இரண்டாவது முறை நடுக்கோடு வரை போய் வந்ததும் சிரிப்பு நின்றது. அதன் பிறகு ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவருடைய மூத்த மகள் குடிகாரப் புருஷனிடம் பட்டது போதும் என்று வீட்டுக்குத் திரும்பி வந்திருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கேம்ப் ரோடு சிக்னலில் ஜலால் பிரேக் போட்டார். கார் இடது பக்கம் நழுவி, ஓரமாக நின்ற இரும்புத் தடுப்பின் காலைத் தட்டியது. தடுப்பு சாய்ந்தது. உடையவில்லை. யாசீன் பாய் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடாமலே விட்டுவிட்டு வந்து, எல்லார் எதிரிலும் போலீசுக்குப் போன் செய்தார். அதன் பிறகு ஜலாலைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "குடிகாரனுக்கு எங்கூட்டுப் பொண்ணு இல்ல. ஒரு தடவ பட்டாச்சு, போதும்" என்றார். ஜலால் தன் கழுத்து மாலையில் சாய்ந்திருந்த ஒரு ரோஜாவை நிமிர்த்தி வைத்தார். அது மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்த்தினார்.

சற்று நேரத்தில் உதவி ஆய்வாளர் சுந்தரவல்லி அம்மா ஒரு காவலருடன் வந்தார். ஊதிப் பார்க்கும் மிஷினில் சார்ஜ் இல்லை. ஆகவே காவலர் ஜலாலைத் தன் முகத்தில் ஊதச் சொல்லி மோந்து பார்த்துவிட்டு, கிராம்பும் ஏலக்காயும் வாசம் வருகிறது என்றார். மறைக்கத்தான் கிராம்பு போட்டிருக்கிறான் என்றார் யாசீன் பாய். ஜலால், "பிரியாணிக்கு உப்பு பாத்தேன் மாமா" என்று மட்டும் சொன்னார். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் அலைன்மென்ட் என்றார், ஒருவர் டயர் என்றார், ஒருவர் ரோடே கோணல் என்றார், இளநீர்க்காரர் ஒருவர் குவார்ட்டர் என்றார்.

உதவி ஆய்வாளர் அம்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாங்கள் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். ஜலாலை இறக்கிவிட்டு அம்மா ஓட்டினார். கார் அம்மாவின் கையிலும் அதே போல அலைந்தது. போய்த் திரும்பும்போது இளநீர் வண்டியை நோக்கி அது போனதில், குவார்ட்டர் என்று சொன்ன இளநீர்க்காரர் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடினார். கூட்டத்தில் யாரோ, "மேடமும் போட்டுக்கினு வந்துட்டாங்களா" என்றார்கள். அம்மா திரும்பிப் பார்த்ததும் அந்தக் குரல் அடங்கிவிட்டது. அதன் பிறகு அம்மா யாசீன் பாயிடம், "சார், நான் குடிச்சிருக்கேனா? நீங்களே ஏறி உக்காந்து பாருங்க" என்றார்.

உட்கார முன் சீட்டைத் தவிர வேறு இடம் இல்லை. தபஸ்ஸும் அம்மா உள்ளிருந்தே கையை நீட்டித் தடுத்தார். "அது பொண்ணு சீட்டு, நிக்காஹுக்கு முன்னாடி யாரும் உக்காரக் கூடாது" என்றார். அதற்கு உதவி ஆய்வாளர் அம்மா, பெண்ணைப் பெற்றவர் உட்கார்ந்தால் பெண் உட்கார்ந்த மாதிரிதானே என்று கேட்டார். தபஸ்ஸும் அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். யாசீன் பாய்க்கு ஆணி மூட்டையைத் தோளில் தூக்கியே வளர்ந்த உடம்பு. மல்லிகைச் சரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் முழங்காலில் அவர் சீட் வந்து முட்டியது. கார் கிளம்பியது. கோடு கிழித்தது போல நேராகப் போனது.

அவரை இறக்கிவிட்டுப் போனோம், அலைந்தது. ஏற்றிக்கொண்டு போனோம், நேராகப் போனது. மறுபடியும் இறக்கியபோது யாசீன் பாய் ரோட்டோரத்தில் நின்று காரைப் பக்கவாட்டில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மேடம், வண்டி மூஞ்சிய வானத்துக்குத் தூக்கிக்கினு கீதே" என்றார். எல்லாரும் பார்த்தார்கள். பின்பக்கம் டயரைத் தொடுகிற அளவுக்கு அமுங்கி, முன்பக்கம் எழும்பி நின்றது. பாரம் முழுவதும் பின்னால் இருந்ததால் முன் சக்கரம் ரோட்டைச் சரியாக மிதிக்கவில்லை, மிதிக்காத சக்கரம் ஸ்டீரிங் பேச்சைக் கேட்கவில்லை என்று உதவி ஆய்வாளர் அம்மா காவலருக்கு விளக்கினார். டேக்சாவை முன் சீட்டுக்கு மாற்றலாம் என்று காவலர் சொன்னார். பெண் சீட்டில் பாத்திரமா என்று தபஸ்ஸும் அம்மா கேட்ட கேள்வியில் அவர் ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டார்.

யாசீன் பாய் தானே கதவைத் திறந்து மறுபடி முன் சீட்டில் உட்கார்ந்தார். சீட் பெல்ட் போட்டுக்கொண்டார். சரத்தை மடியில் எடுத்து வைத்தார். அதன் பிறகு வெளியே நின்ற ஜலாலைப் பார்த்து, "மாப்ள, வண்டிய எடுங்க, மாவு காஞ்சிடப் போவுது" என்றார். காலையிலிருந்து அவர் ஜலாலோடு நேராகப் பேசியது அப்போதுதான். ஜலால் சாய்ந்த தடுப்பைத் தூக்கி நிறுத்திவிட்டு வந்து ஏறினார். யாசீன் பாயின் ஸ்கூட்டரைக் காவலர் ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் நிக்காஹ் மண்டபத்து வாசலில் கார் நின்றதும் மாடி ஜன்னலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பெண் சீட்டிலிருந்து யாசீன் பாய் கையில் மல்லிகைச் சரத்தோடு இறங்கினார். குல்ஷன் மேலிருந்து, "இன்னா அத்தா, நிக்காஹ் உங்களுக்கா?" என்று கேட்டது. பக்கத்தில் நின்ற மூத்த மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. யாசீன் பாய் அண்ணாந்து பார்த்தபடி அங்கேயே நின்றுவிட்டார், ஆட்கள் டேக்சாவை இறக்க வழி கேட்கும் வரை நகரவில்லை. அதன் பிறகு நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. மாவை அவரே உடைத்தார். முதல் தட்டை மாப்பிள்ளைக்கு வைத்தார். அரிசி ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.

சாயந்திரம் அதே காரில் பம்மலுக்குத் திரும்பினோம். முன் சீட்டில் குல்ஷன். ஒல்லியான பெண், கனமே இருக்காது. ஆனால் பின்னால் பழைய பாரம் இல்லை, டிக்கியில் காலி டேக்சா உருண்டுகொண்டிருந்தது. குல்ஷன், அக்காவுக்கும் இப்படி ஒரு மாப்பிள்ளை வண்டியில் ஒரு நாள் முன் சீட் வேண்டும் என்று சொன்னது. ஜலால் சரி என்றார். கேம்ப் ரோட்டில் தடுப்பு நிறுத்தி வைத்த இடத்திலேயே நின்றது. கார் அதைத் தொடாமல், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாமல் கடந்தது.

ஜலால் குடிக்கவில்லை, குடித்து நான் பார்த்ததும் இல்லை. நான் சொன்னதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நடந்ததற்கு மேலே எதுவும் சேரவில்லை, கீழே எதுவும் சிந்தவில்லை. தபஸ்ஸும் அம்மாவின் உடம்பைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் உண்மைதான் என்பதால் ஆட்சேபணை செய்யவில்லை.

(இடது கைப் பெருவிரல் ரேகை)
ஏகாம்பரம்

என் முன்பாகப் பதிவானது,
சுந்தரவல்லி, உதவி ஆய்வாளர்