பதினோரு இன்டு

– அசையாம இருடி. நீ ஆட்டுற ஆட்டத்துல வகிடு வாய்க்கால் மாதிரி வளைஞ்சு போகுது.

– நீ இழுக்கிறே, நான் ஆடுறேன். கேளும்மா, அப்புறம் எல்லாரும் தாண்டித் தாண்டிக் குதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

– எல்லாரும்னா?

– மூணாங்கிளாஸ் நாங்க, நாலாங்கிளாஸ், ஒண்ணாங்கிளாஸ் பொடிசுங்ககூட. தரையில நான் போட்ட இன்டுவை மிதிச்சா அவுட். நெசமா சொல்றேன், அந்த ஆட்டத்தை நான் ஆரம்பிக்கல.

– நீ தாண்டலையா?

– ரெண்டே ரெண்டு தடவை.

– அப்புறம்?

– அப்புறம் ஒரு பையன் குதிச்ச குதியில பெரிய டீச்சர் மேலயே போய் விழுந்துட்டான். அவங்க கையில தண்ணி. மேலெல்லாம் கொட்டிடுச்சு. தரையைப் பார்த்தாங்க. யாரு இதைக் கிறுக்கினதுன்னாங்க. எல்லாரு கையும் என்னைக் காட்டுச்சு.

– உன் கை?

– என் கையில சாக்பீஸ் இருந்துச்சு.

– நல்லா மாட்டினே போ.

– அவங்க குடுத்த லெட்டரை நான் படிச்சுக் காட்டட்டுமா?

– வேணாம். நேத்தே எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டேன். ‘ஒழுங்கீனம்’னு ஒரு வார்த்தை மட்டும் பல்லுல மாட்டிக்கிச்சு, மத்ததெல்லாம் உள்ள போயிடுச்சு. இன்னைக்குக் காலைக் கூட்டத்துல எல்லாரு முன்னாடியும் நீ மன்னிப்புக் கேக்கணும். கேக்கலைன்னா ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரக்கூடாது. சரியா?

– முந்நூறு பேரும்மா. மேடை மேல ஏறி. நான் மாட்டேன்.

– மாட்டேன்னு நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அந்தத் தரைக் கல்லு சொல்லட்டும். எதுக்குடி இன்டு போட்டே? ஆரம்பத்துலேருந்து சொல்லு.

– ஒண்ணாங்கிளாஸ் பாப்பா ஒருத்தி கால் கட்டைவிரலைக் கிழிச்சுக்கிட்டா. ஒரு கல்லோட மூலை உடைஞ்சு தூக்கிக்கிட்டு இருந்துச்சு. ரத்தம். நான் குனிஞ்சு பக்கத்துக் கல்லைத் தட்டினேன். அதுவும் அடியில காலி. அதுக்குப் பக்கத்துலயும் காலி. நீ தரை போடுற இடத்துல காலியா இருந்தா என்ன பண்ணுவீங்க? இன்டு போடுவீங்கல்ல? போட்டேன். பதினொண்ணு.

– எதால தட்டினே?

– டிபன் ஸ்பூனால.

– குழிப் பக்கமா, காம்புப் பக்கமா?

– காம்புதான். குழியால தட்டினா ஸ்பூனே சத்தம் போடும், கல்லு பேசாதுன்னு நீதானே சொன்னே.

– நடுவுல மட்டுமா?

– நாலு மூலை, நடு. நல்ல கல்லு கணீர்னுச்சு. இது பழுத்த பூசணிக்காயைத் தட்டின மாதிரி பொத்துன்னுச்சு.

– லீவு நாள்ல வீட்டுல தனியா விட வேணாமேன்னு வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ‘சின்ன மேஸ்திரி’ன்னு கூட வேலை பார்க்கிறவனுங்க வேற உன்னை ஏத்திவிட்டானுங்க. இப்ப பள்ளிக்கூடத்துத் தரைக்கே பரீட்சை வைக்கிறே. சரி, எந்த இடம் அது?

– ரெண்டாவது மாடி. தண்ணிக் குழாய் இருக்குல்ல, அந்தச் செவத்தை ஒட்டி, கடைசி வரிசை. ஆ! வலிக்குதும்மா!

– அசையாதன்னேன்ல.

– நீதான் முடியை அப்படியே சுருட்டிப் புடிச்சே.

– பதினொண்ணும் கடைசி வரிசைதானா? முன் வரிசையில ஒண்ணுகூட இல்லையா?

– இல்ல. முன்னாடி வரிசையெல்லாம் சூப்பர். கடைசி மட்டும்தான். ஏன்?

– ஒண்ணுமில்ல. ரிப்பனைக் குடு. சோறு கட்டிட்டேன், தண்ணி பாட்டிலை எடுத்துக்க. அந்த மூலையில என் பை இருக்கு பாரு, ரப்பர் சுத்தியை எடுத்துட்டு வா.

– பெரிய டீச்சரை அடிக்கப் போறியா?

– வாயை மூடிட்டு எடுத்துட்டு வாடி.

– அம்மா, கொஞ்சம் மெதுவா நட. நீ ஒரு எட்டு வெச்சா நான் மூணு வைக்கணும்.

– மணி ஆகுது. மதியத்துக்கு மேல வர்றேன்னுதான் வேலையில சொல்லியிருக்கேன்.

– அப்பா இருந்தா என்ன சொல்லுவாரு?

– லாரிய ஓரமா நிப்பாட்டிட்டு, “உங்கம்மாவைக் கேளு”ன்னு சொல்லுவாரு. வேற என்ன தெரியும் அவருக்கு.

– பெரிய டீச்சர் கத்தினா?

– கத்தட்டுமே. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கல் அறுக்கிற மெஷின் பக்கத்துல உக்காந்து எழுந்திரிக்கிறவ நானு. அவங்க கத்துறது எனக்குத் தாலாட்டு.

– உனக்கு பயமே கிடையாதாம்மா?

– கை சுத்தமா இருந்தா பயம் எதுக்கு? கேட்டுக்க. தப்பு உன்னுதா இருந்தா முந்நூறு என்ன, மூவாயிரம் பேரு முன்னாடியும் கேட்டுத்தான் ஆகணும். உன்னுது இல்லைன்னா ஒரு ஆளு முன்னாடிகூடக் கேக்க வேணாம்.

– நான் கிளாஸ்ல எல்லாருகிட்டயும் சொல்லியிருக்கேன்மா. எங்கம்மா போட்ட தரையில ஒரு கல்லுகூட பொத்துன்னு கேக்காதுன்னு.

– எதுக்குடி அப்படியெல்லாம் சொல்லி வைக்கிறே?

– நெசம்தானே?

– ரோட்டைப் பார்த்து நட. வண்டி வருது.

– வாங்கம்மா, உக்காருங்க. நான்தான் தலைமையாசிரியை. அது என்ன, கையில சுத்தியலோட வந்திருக்கீங்க?

– ரப்பர் சுத்திங்க டீச்சர். பயப்படாதீங்க, இது அடிக்காது. காது குடுத்துக் கேக்கும்.

– பாருங்கம்மா, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். பள்ளிக்கூடம்னா ஒரு ஒழுங்கு இருக்கு. உங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா, நான் இல்லைங்கல. ஆனா தரையெல்லாம் கிறுக்கி வெச்சு, பிள்ளைங்க குதிச்சு, ஒருத்தன் என் மேலயே விழுந்து... மாடிப்படிப் பக்கம் விழுந்திருந்தான்னா?

– அது தப்புதாங்க. குதிச்சது தப்பு.

– கிறுக்கினது?

– அது கிறுக்கல் இல்லைங்க டீச்சர். எங்க தொழில்ல அது ஒரு நோட்டீஸ். தரை போட்ட மறுநாள் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்போம். அடியில கலவை சரியா புடிக்காம காலியா இருக்குற கல்லு மேல இன்டு போடுவோம். மேல தண்ணி எவ்வளவு ஊத்திக் கழுவினாலும் பளபளன்னுதான் இருக்கும். ஒரு நாள் பாரம் ஏறினா மூலை உடையும், காலைக் கிழிக்கும். இன்டு போட்டா எல்லாரும் ஒதுங்கிப் போவாங்க. இவ அதைத்தான் செஞ்சா.

– எட்டு வயசுப் பொண்ணு தட்டிப் பார்த்துச் சொல்றதை நீங்களும் நம்புறீங்க!

– நான் எதையும் சும்மா நம்ப மாட்டேங்க. அதான் சுத்தி எடுத்துட்டு வந்தேன்.

– இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கட்டடம்மா இது.

– கையெழுத்து மேல இருக்கும். காலி கீழ இருக்கும்.

– பிள்ளை தப்பு பண்ணினா தாயே தட்டிக் குடுக்கிறீங்க. இதுதான் இன்னைக்கு இருக்கிற பிரச்சனையே.

– தட்டிக் குடுக்க வரலைங்க. தட்டிப் பார்க்க வந்திருக்கேன். கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. மாடிக்கு வாங்க. இவ சொன்னது பொய்யின்னா நானே கையைப் புடிச்சு மேடையில ஏத்தி விடுறேன், மன்னிப்புக் கேப்பா.

– அம்மா!

– நீ சும்மா இரு. தட்டினது நெசம்னா உனக்கென்ன உதறல்?

– சரி, இருக்கட்டும். வாங்க. மணி அடிக்கிறதுக்குள்ள முடிக்கணும்.

– டீச்சர், படியில அந்தப் பக்கம் வராதீங்க, ஈரமா இருக்கு. அம்மா, இதோ இங்கதான். பார்த்தியா, என் இன்டு ஒண்ணுகூட அழியல.

– ம். நல்லா நேராத்தான் போட்டிருக்கே. தள்ளு. டீச்சர், இங்க வாங்க. முதல்ல இந்த முன் வரிசையைக் கேளுங்க.

– டக் டக்னு கேக்குது.

– இப்ப இந்த இன்டு போட்டது.

– அதுவும் டக் டக்னுதான்... எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

– கண்ணை மூடிக்கங்க. இந்தாங்க, நீங்களே சுத்தியைப் புடிங்க. மெதுவா. கதவைத் தட்டுற மாதிரி. உள்ளே ஆளு இருக்கா இல்லையான்னு கேளுங்க. முதல்ல இது.

– ம்.

– இப்ப இது.

– அட!

– கேட்டுச்சா டீச்சர்? கேட்டுச்சுல்ல? பூசணிக்காய்!

– இது உள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரில்ல கேக்குது. இருங்க, இன்னொண்ணு தட்டுறேன். இதுவும்தான். இதுவும்! ஐயோ, நான் தினம் நாலு தடவை இது மேல நடக்கிறேனே.

– எல்லாத்தையும் பார்த்துடுவோம். இது காலி. இது காலி. இதுல பாதி காலி. இது... ஏ சின்ன மேஸ்திரி, இங்க வா. இது காலி இல்ல.

– காலிதான்மா! நெசமா, நான் நாலு மூலையும் தட்டினேன்.

– மறுபடியும் கேளு. பொத்துன்னு இல்ல, கொஞ்சம் ‘ஙொய்’ங்குது பாரு. இதுக்கு அடியில தண்ணிக் குழாய் போகுது. அதோட சத்தம். இந்த இன்டுவை அழி.

– கீழே குழாய் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

– குழாயடிக்குத் தண்ணி எப்படி டீச்சர் வரும், பறந்தா? பதினொண்ணுல பத்து காலி, ஒண்ணு தப்பு. எட்டு வயசுக்கு இது பெரிய காது. பையில தண்ணி பாட்டில் இருக்குல்ல, துணியை நனைச்சு அந்த ஒண்ணை மட்டும் தொடை.

– சரிம்மா.

– பாருங்கம்மா, நான் ஒத்துக்கிறேன். தரை மோசமாத்தான் இருக்கு. ஆனா லெட்டர் அனுப்பியாச்சு, மத்த டீச்சருங்களுக்கும் சொல்லியாச்சு. ஒரே ஒரு வார்த்தை, ‘மன்னிச்சுக்கங்க’ன்னு சொல்லிட்டு இறங்கட்டும். முடிஞ்சு போச்சு. குழந்தைதானே, ஒரு வார்த்தையில என்ன கொறைஞ்சிடப் போறா?

– கொறைவாங்க. நாளைக்கு எங்கயாவது ஒண்ணு உடைஞ்சிருந்தா பார்த்துட்டும் பேசாமப் போவா. அதுதான் கொறையும்.

– அப்ப ஒழுங்கு?

– ஒழுங்குன்னா தப்பு செஞ்ச ஆளுதானே மன்னிப்புக் கேக்கணும்? இது இவ தப்பு இல்ல.

– ஆமா டீச்சர், தரை போட்டவன்தான் கேக்கணும். அவனுக்கு வேலையே தெரியல. இல்லம்மா?

– வேலை தெரிஞ்ச ஆளுதான். முன் வரிசையைத் தட்டினோம்ல, மணி மாதிரி கேட்டுச்சே. அதைப் போட்ட கைதான் இதையும் போட்டுச்சு.

– அப்ப சோம்பேறி!

– சோம்பேறியும் இல்ல. கேட்டுக்க. நடு வரிசைக்கு நாலு பக்கமும் நகர்ந்து உக்காந்து அழுத்தலாம். செவத்தை ஒட்டின வரிசைக்குக் குந்திக்கிட்டு, முன்னாடி எட்டிக் கவுந்து, அந்தப் பக்கத்து ஓரத்தை அழுத்தணும். கவுந்து எட்ட முடியாத ஆளு போட்டா செவத்துப் பக்கம் கலவை உக்காராது.

– சரி, இருக்கட்டும். அழுத்த முடியலைன்னே வெச்சுக்குவோம். மறுநாள் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்ப்போம்னு நீங்கதானே சொன்னீங்க? பார்த்திருந்தா அன்னைக்கே பேர்த்து எடுத்திருக்கலாமே. எவ்வளவு அலட்சியம் இருந்தா ஒரு ஆளு அதைக்கூடப் பார்க்காம விட்டிருக்கணும்! நான் இங்க வந்து நாலு வருஷம்தான் ஆகுது, கட்டினது யாருன்னே தெரியாது. பழைய காகிதத்தைத் தேடி எடுத்து, அந்த ஆளு மேல எழுதிப் போடத்தான் போறேன்.

– காகிதம் தேட வேணாங்க. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் லீவுதானே? கேட்டைத் திறந்து வைங்க. பத்துக் கல்லையும் பேர்த்து எடுத்துப் புதுசா போட்டுடறேன். திங்கக்கிழமை இவ வந்து தட்டிப் பார்க்கட்டும்.

– நீங்க எதுக்கும்மா செய்யணும்? யாரோ பண்ணின வேலைக்கு.

– அம்மா, மணி அடிச்சிடுச்சு. எல்லாரும் கீழ போறாங்க. நான் மேடையில ஏறணுமா, வேணாமா?

– நீ உன் வரிசையில போய் நில்லு. மேடையில நான் ஏறுறேன்.

– நீயா? நீ எதுக்கும்மா?

– ஆமாம்மா, எனக்கும் ஒண்ணும் விளங்கல. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்? மறுநாள் வந்து தட்டிப் பார்க்காதது அந்த ஆளுதானே?

– மறுநாள் வர முடியலைங்க டீச்சர். இந்தக் கடைசிக் கல்லை வெச்சுட்டுச் செவத்தைப் புடிச்சு எழுந்திரிக்கும்போதே வலி எடுத்துடுச்சு, விடிஞ்சப்ப என் கையில இவ இருந்தா.