முழங்கைக்கு ஆறு விரல் கீழே

உங்கள் வீட்டுச் சமையல் மேடை எவ்வளவு உயரம் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது, மேடம். பலருக்கும் தெரியாது. நீங்கள் எழுந்திருக்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாவம், அந்த நாற்காலியைக் குறை சொல்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் மேடை முன்னால் நின்று பாருங்கள். மேடை தாழ்வாக இருந்தால் குனிந்து குனிந்தே இடுப்பு போய்விடும். உயரமாக இருந்தால் தோள்பட்டை போய்விடும். சமைக்கிறவளின் முழங்கைக்கு ஆறு விரல் கீழே மேடை நிற்க வேண்டும். எங்கள் தச்சர் சொன்ன கணக்கு இது.

சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட விஷயத்துக்கு இந்த வழியாகத்தான் வர முடியும்.

கணவர் வீட்டைத் தலைமுழுகிவிட்டு ஒரு பெட்டியோடு நான் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை, அத்தானுக்குப் பேருந்துப் பணிமனையில். இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் நானும் சுவர்களும்தான். சமைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சமையலறைக்குள் போனேன். மற்ற அறைகளில் நான் உப்புக்குச் சப்பாணி. அங்கே மட்டும் எனக்கு வேலை இருந்தது.

அந்தப் பழைய சமையலறையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு பல்பு. சிங்க்குக்குக் கீழே எப்போதும் ஈரம், ஈரத்தில் எப்போதும் கரப்பான். அலமாரிக் கதவை மூடினால் அது மரியாதையாக மறுபடி திறந்துகொள்ளும். அக்கா டீ வாங்கிக்கொள்ள வாசல்படி வரைதான் வருவாள்.

"எப்படித்தான்டி இதுக்குள்ள நிக்கிற? எனக்கு மூச்சு முட்டுது" என்பாள்.

நான் நின்றேன். வருஷக்கணக்கில் நின்றேன். அப்போதெல்லாம் அது யாருடைய சமையலறை என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு சுவருக்குள் குழாய் வெடித்தது. உடைத்துப் பார்த்தால் பாதிச் சுவர் ஊறிப்போயிருந்தது. எப்படியும் உடைத்தாயிற்று, முழுசாகவே மாற்றிவிடலாம் என்றார் அத்தான். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். "எனக்கு இதெல்லாம் தலையும் புரியாது, வாலும் புரியாது. நீயே பாத்துக்கோடி, உன் இஷ்டம்" என்றாள். உன் இஷ்டம் என்று அவளேதான் சொன்னாள். அதை நீங்கள் மறக்கக் கூடாது.

என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் எது என்று கேட்டால், அந்தத் தூசிக்காலத்தைத்தான் சொல்வேன். பால்கனியில் ஒற்றை அடுப்பில் சமைத்தேன். தலையிலும் சோற்றிலும் சிமெண்டுப் பொடி. காலி அறையின் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, இல்லாத சிங்க்கிலிருந்து இல்லாத அடுப்புக்குக் கையில் தட்டோடு நடந்து பார்த்தேன். அத்தான் வாசலில் நின்று, "சாப்பாடு ரெடியா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த மனிதர் என்னிடம் அடித்த ஒரே ஜோக் அது.

தச்சர் வந்து, "யாரும்மா சமைக்கப் போறது?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன். பொய்யில்லை. முழங்கையை மடக்கி நிற்கச் சொன்னார். தரையிலிருந்து அளந்து, ஆறு விரல் கழித்து, சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான் எங்கள் அப்பாவைப் போல நெட்டை. அக்கா அம்மாவைக் கொண்டு பிறந்தவள், என் தோளுக்குத்தான் வருவாள். சுவரில் எனக்காக யாரும் எதையும் அதற்குமுன் வரைந்ததில்லை. தச்சர் போன பிறகு அந்தக் கோட்டின் முன்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மற்றதெல்லாம் என் யோசனை. கிரானைட் பதிக்க வந்தவர் விளிம்பை உருட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், நேராக வெட்டிவிடுங்கள், துடைக்கச் சுலபம் என்றேன். தரைக்கு வழவழப்பான டைல்ஸ், அதுவும் துடைக்கச் சுலபம் என்றுதான். உதிரிச் சாமான்களுக்கென்று ஒரு இழுப்பறை, அதற்குள் குட்டிக் குட்டி அறைகள். திருகாணிக்கு ஒன்று, மெழுகுவர்த்திக்கு ஒன்று, குழாய் வாஷருக்கு ஒன்று. எந்தச் சாமானும் அநாதையாகக் கிடக்கக் கூடாது. யார் வந்து திறந்தாலும் தேடாமல் எடுக்க வேண்டும். அதில் மட்டும் நான் பிடிவாதக்காரி.

வேலை முடிந்தது. ஜன்னல் வெளிச்சம் மேடை முழுக்க விழுந்தது. அக்கா முதன்முறையாக வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கிரானைட்டைத் தடவினாள். அலமாரிக் கதவை மூடினாள், அது மூடியே இருந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் என் பாவாடை, என் பென்சில் பெட்டி எல்லாவற்றையும் அவள் இந்த முகத்தோடுதான் பார்ப்பாள்.

அக்கம்பக்கத்தார் பார்க்க வந்தார்கள். "எல்லாம் நாங்களே யோசிச்சு யோசிச்சுப் பண்ணோம்" என்று அக்கா சொன்னாள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். மாடிவீட்டு அம்மா என்னைப் பார்த்து, "உனக்கும் இப்ப வேலை சுலபமா இருக்குமே" என்றாள். வேலைக்காரியிடம் பேசுகிற குரல் அது. அன்றைக்கு அக்காவை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. பிடிக்காமல் போயிற்று என்பது நாகரிகமான வார்த்தை. வெறுத்தேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

கால் வலி என்று அக்கா மருந்துக்கடையில் அரைநாள் வேலைக்கு மாறிக்கொண்டாள். காலையில் சமைக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து வருவதற்குள் அடுப்பில் ஏதாவது கருகிக்கொண்டிருக்கும். கரண்டிகளை இடம் மாற்றினாள். மாவு டப்பா இருந்த இடத்தில் அவளுடைய மாத்திரை டப்பா வந்தது. நான் பழைய இடத்தில் வைப்பேன், அவள் புது இடத்தில் வைப்பாள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போட்டோம். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தண்ணீர்க் குவளை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

ஆனால் மேடை அவளுக்கு மசியவில்லை. அவள் நெஞ்சு வரைக்கும் வந்தது. அடுப்பில் வைத்த பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரும். அவள் தச்சரைக் கூப்பிட்டு, ஏறி நிற்க ஒரு கால்மனை செய்து வாங்கினாள். அதன் கால்களுக்கு ரப்பர் புஷ் மாட்டிக் கொடுத்தார் அவர்.

"இதக் கழட்டிடாதீங்கம்மா, இந்தத் தரையில வழுக்கிட்டுப் போயிடும்" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். அக்கா அலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் அக்கா என்னை உட்கார வைத்தாள். குரலில் தேன் வழிந்தது.

"மேடைய வெட்டி இறக்கச் சொல்லிட்டேன்டி. தச்சர் இந்த வாரம் வராரு. கால்மனைல ஏறி இறங்கி என் முட்டி போச்சு."

"கிரானைட்டை வெட்டினா விரிசல் விடும்" என்றேன்.

"விட்டா வேற போட்டுக்கலாம். இன்னொண்ணு. அத்தானோட அம்மாவுக்கு இனிமே தனியா இருக்க முடியாது, இங்கதான் கூட்டிட்டு வரணும். பக்கத்துத் தெருவுலயே உனக்கு ஒரு சின்ன வீடு பாத்து வெச்சிருக்கேன். நாங்களே எல்லாம் செஞ்சு தரோம். இதே தச்சர வெச்சு உன் உயரத்துக்கே ஒரு மேடை போட்டுடலாம், என்ன?"

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். நல்ல அக்காதானே என்று தோன்றுகிறது, இல்லையா? எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அதுதான் அவளுடைய சாமர்த்தியம். என் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு, அதேபோல இன்னொன்று தருவதாகச் சொல்வாள். பென்சில் பெட்டிக்கும் புதுப் பெட்டி வாங்கித் தந்தாள். எனக்குப் புதுப் பெட்டி வேண்டியிருக்கவில்லை.

சரி என்றேன். மறுத்துப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

தச்சர் வருவதாக இருந்ததற்கு முந்தின நாள் அது நடந்தது. அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது கால்மனையைக் கவிழ்த்துப் புஷ்களைக் கழற்றினேன். இறுக்கமாகத்தான் மாட்டியிருந்தார், கத்தி முனையால் நெம்ப வேண்டியிருந்தது. பிறகு தரையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தேன். வழக்கமாக மறுபடி வெறும் தண்ணீரால் துடைப்பேன். அன்று துடைக்கவில்லை. கால்மனையை அதன் இடத்தில் வைத்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "அக்கா, பால் பொங்கப் போகுது, பாரு" என்று குரல் கொடுத்தேன்.

அவள் ஓடி வந்தாள். ஏறினாள். கால்மனை வழுக்கியது, தலை மேடை விளிம்பில் மோதியது. விளிம்பை உருட்டியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம்.

இனி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அவள் உயிர் உடனே போகவில்லை. கண் திறந்திருந்தது. "கையக் குடுடி" என்றாள். பால் அப்போதுதான் பொங்கியது. அடுப்பை அணைத்தேன். பால் கிரானைட்டில் வழிந்து காய்ந்தால் கறை போகாது, அதனால் துடைத்தேன். பிறகு தரையை வெறும் தண்ணீரால் துடைத்தேன். துணியை அலசிப் பிழிந்து கம்பியில் போட்டேன். அவள் இன்னும் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அப்புறம்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவசரத்தில் ஓடுவதும் கத்துவதும் எனக்கு வராது.

வந்தவர்கள் எல்லோரும் விபத்து என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். அத்தானுக்காகச் செய்தேன் என்று இப்போது தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். கேட்கவே கூசுகிறது. அந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்கத் தெரியாதவர்.

அந்த அத்தான்தான் மாட்டிவிட்டார். சடங்கெல்லாம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் மின்சாரம் போயிற்று. நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மெழுகுவர்த்தி வேண்டும் என்று, வாழ்நாளில் முதல்முறையாக, அவர் சமையலறையில் ஒரு இழுப்பறையைத் திறந்திருக்கிறார். தேடாமலே கிடைத்தது. மெழுகுவர்த்திக்கு அடுத்த அறையில் புஷ்கள் இருந்தன. கத்தித் தடத்தோடு, வரிசையாக. தூக்கிப் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். நல்ல ரப்பர், மேடம். எதற்காவது ஆகும். அதை எப்படிக் குப்பையில் போடுவது?

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். அத்தான் மறுபடி தச்சரை வரச் சொல்லியிருக்கிறாராம். மேடையை வெட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். நான் திரும்பி வந்து சமைக்கும்போது எனக்கு இடுப்பு வலிக்கும்.