கூரைக்கு மேல் போன பந்துகள்

"என் பேரக் கடைசில போடுலே. என் ஆவரேஜே ஆறுதான்."

ரயிலில் ஆட்கள் பெருமை பேசித்தான் கேட்டிருக்கிறேன். தன்னைக் கடைசியில் தள்ளச் சொன்ன இவரைத் திரும்பிப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். குர்லா தாண்டி மும்பை ஹார்பர் லைன் வண்டி தூங்கி வழிந்துகொண்டிருந்த மதியம். பக்கத்திலிருந்த நண்பரின் மடியில், அவர்களுடைய தாராவி கிரிக்கெட் டீமின் ஸ்கோர் நோட்டு விரிந்திருந்தது.

"ஆவரேஜ விடு. நீ எப்படி அவுட்டாயிருக்கன்னு எண்ணிப் பாத்தேன். இருபது மேட்ச்ல பதினாலு தடவ கூரை."

"நம்ம சந்துல கூரைக்கு மேல போனா அவுட்டுதானலே."

"ஞாயித்துக்கிழம ஃபைனல் செம்பூர் மைதானத்துல. அங்க கூரை எங்க இருக்கு?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போயின.

"அங்க அதெல்லாம் சிக்ஸர். நீதான் ஓப்பனிங். எழுதிட்டேன்."

"என்னால தோத்தோம்னா தெருவுல தல காட்ட முடியாதுடே."

நண்பர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். கூரைகளைப் பார்த்தபடியே இவர் கேட்டார்.

"அந்தப் பந்தெல்லாம் எங்கலே போய் விழுந்துச்சு?"

"நீ பாக்கலியா?"

"மட்டைல பட்டதுமே தெரிஞ்சிரும். தலையக் குனிஞ்சு நடந்துருவேன். ஒண்ணுகூடப் பாத்ததில்ல."

"ஞாயித்துக்கிழம நடக்காத," என்றார் நண்பர். "நின்னு பாரு."